போட்டியில் ஜெயித்த மகன் மேடை வேண்டாம் என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. சிறு வயதிலிருந்தே பியானோ கற்கிறான். சென்ற மாதம் ஒரு பெரிய போட்டியில் முதல் பரிசு வாங்கினான். அதைப் பார்த்துக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறார்கள். அவனோ, "இரண்டு வருஷம் மேடை வேண்டாம்மா, நான் இன்னும் படிக்கணும். இத்தாலியில் பொல்லினியும் இப்படித்தான் செய்தார்" என்கிறான். ஆனால் போட்டி முடிந்ததிலிருந்து பியானோவைத் தொடவே இல்லை. கிடைத்த வாய்ப்பை விட்டால் திரும்ப வருமா என்று வீட்டில் எல்லோரும் என்னைப் பிடுங்குகிறார்கள். அவன் சொல்வது உண்மையா? அவன் போக்கில் விடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, பொல்லினியைப் பற்றி உங்கள் மகன் சொன்னது உண்மை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான்.

பியானோ கலைஞர் மவுரிட்சியோ பொல்லினி 1942 ஜனவரியில் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். அப்பா ஜீனோ பொல்லினி பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். தாய்மாமன் ஃபாவுஸ்தோ மெலோத்தி சிற்பி. புதிய கலை என்றால் முகம் சுளிக்காத வீடு. 1960ல் போலந்தின் வார்சாவில், இசையமைப்பாளர் ஷோபானின் பெயரில் நடந்த சர்வதேசப் பியானோ போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது அவருக்கு உங்கள் மகனின் வயதுதான். நடுவர் குழுவில் இருந்த பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன், இந்தப் பையன் நம்மில் யாரையும்விட நன்றாக வாசிக்கிறான் என்று வியந்ததாகச் சொல்வார்கள்.

அந்த வருடமே லண்டனின் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவோடு ஷோபானின் முதல் கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் உருப்படியை, பதிவு செய்தார். விரல் பயிற்சிக்கென்று பிறந்து கச்சேரி உருப்படியாகவே ஆகிவிட்ட ஷோபானின் எட்யூட்களையும் பதிவு செய்தார். அவை மட்டும் வெளிவரவில்லை. ஐம்பது வருடம் கழித்து, 2011ல்தான் ரசிகர்கள் காதுக்கு வந்தன. இன்று கேட்டால் அதில் என்ன குறை என்றே நமக்குத் தெரியாது, அவ்வளவு சுத்தமான வாசிப்பு.

அதன்பிறகுதான் உங்கள் மகன் சொல்லும் காலம் வருகிறது. உலகம் சுற்றி வாசிக்கக் கதவு திறந்திருந்தபோது கச்சேரிகளை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். கையில் இருந்த உருப்படிகள் போதாது, ஷோபான் வாசிப்பவர் என்ற ஒரே பெயரோடு நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். இத்தாலியின் இன்னொரு பியானோ மேதையான ஆர்த்துரோ பெனெதெத்தி மிக்கேலாஞ்செலியிடம் சில மாதங்கள் பாடம் கேட்டார். ஒரு சுரத்தின் நிறத்துக்காக நாள்கணக்கில் உட்காரக்கூடிய, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத ஆசான் அவர். பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் என்று பொல்லினியின் பாடாந்தரம் விரிந்தது. மேடையையும் அடியோடு விடவில்லை. 1963லேயே லண்டனில் வாசித்தார், 1968ல் அமெரிக்கா போனார். 1970களின் தொடக்கத்தில் ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்திராவின்ஸ்கி, ப்ரொகோஃபியெவ் ஆகியோரின் உருப்படிகளை அவர் வாசித்து, டாய்ச் கிராமஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட தட்டு, அடுத்து 1972ல் மறுபடி பதிவு செய்த அதே எட்யூட்கள், இவைதான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. அவரை யாரும் மறந்திருக்கவில்லை. 2024 மார்ச்சில் 82 வயதில் மறையும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது.

வாய்ப்பு திரும்ப வருமா என்ற உங்கள் பயத்துக்கு இதை வைத்து உறுதி சொல்ல என்னால் முடியாது. வார்சா பரிசின் கனமும், ஓர் இசைத்தட்டு ஏற்கெனவே கடையில் இருந்ததும், வசதியான வீடும் அவருக்குப் பின்னால் நின்றன. எல்லோருக்கும் அது அமையாது.

என் மனம் நிற்பது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரியில். பியானோவைத் தொடவே இல்லை என்கிறீர்களே, அங்கேதான் இருவரும் வேறுபடுகிறார்கள். பொல்லினி மேடையைக் குறைத்தது அதிகமாக வாசிப்பதற்காக. உங்கள் மகன் வாசிப்பதையே நிறுத்தியிருக்கிறான் என்றால் அது பெரும்பாலும் களைப்பு. ஒரு போட்டிக்காக அதே நாலைந்து உருப்படிகளை மாதக்கணக்கில் தேய்த்த பிள்ளைக்குச் சலிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சோம்பல் என்று தயவுசெய்து திட்டிவிடாதீர்கள். சில வாரம் விடுங்கள். தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் எல்லாம் வழக்கம்போல இருக்கிறதா, விரல், மணிக்கட்டு வலி ஏதும் மறைக்கிறானா என்று மட்டும் பாருங்கள். வலி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எதிலுமே பிடிப்பில்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதிலும் தயக்கம் வேண்டாம்.

பிறகு உட்கார்ந்து பேசுங்கள். மேடை ஏன் வேண்டாம் என்று கேட்காதீர்கள், அது விசாரணை ஆகிவிடும். இந்த இரண்டு வருடத்தில் யாரிடம் படிக்கப் போகிறாய், எதை வாசிக்கப் போகிறாய் என்று கேளுங்கள். பதில் இருந்தால் தாராளமாக விடுங்கள். பதில் இல்லையென்றால், அதைத் தேட அவனுடைய ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டவர்களுக்கு இப்போதே மரியாதையாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: படிப்பில் இருக்கிறேன், அடுத்த ஆண்டு தொடர்பு கொள்கிறேன் என்று. அவனே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். நாற்பது ஐம்பது பேர் உட்காரும் சின்னக் கூடமாக ஒன்று இருந்தால், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறானா கேட்டுப் பாருங்கள். ஜெயித்த உருப்படிகளை அங்கே வாசிக்க வேண்டாம், புதிதாக ஒன்றை வாசிக்கட்டும். வீட்டில் கேட்பவர்களுக்கு, அவன் படிக்கிறான் என்ற ஒரே பதிலை நீங்களும் உங்கள் கணவரும் மாற்றாமல் சொல்லுங்கள்.