வேலூரில் இருந்துகொண்டே ட்ரவுட், சால்மனுக்கான ஃப்ளை ஃபிஷிங் பழக முடியுமா? நண்பர்களோடு ஆற்றில் இறங்கிப் பிடிக்க ஆசை.

தாராளமாகப் பழகலாம். ஆனால் அந்த மீன்கள் நம் பக்கம் கிடையாது. ட்ரவுட்டுக்குத் தண்ணீர் சில்லென்று ஓட வேண்டும், 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் 40 டிகிரி அடிக்கிற ஊரில் ஜவ்வாது மலை ஓடையில்கூட அது தாங்காது. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே, அவலாஞ்சி பக்கம் போனால் உண்டு. அதுவும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான். 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்று பலிக்கவில்லை, 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் நிலைத்தது. சால்மன் நம் ஆறுகள் எதிலும் இல்லை. கடையில் இந்தியன் சால்மன் என்று விற்பது காலா, அது வேறு குடும்பம்.

சரி, இங்கே எதைப் பழகுவது? வீசுவதை. நாம் சின்ன வயதிலிருந்து போடுகிற தூண்டிலில் ஈயம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிதான் இரை, அதற்கு எடையே கிடையாது, அதனால் கயிற்றைக் கனமாகச் செய்திருப்பார்கள், அந்தக் கனம்தான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பின்னால் வீசிய கயிறு முழுசாக நீளும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் முன்னால் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி சொடுக்கிப் பூச்சி அறுந்து போகும்.

இதற்கு ஏரியே போதும். காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியில், முதுகுப் பக்கம் கருவேல மரம் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஏரி மீன் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரிடம் கேட்காமல் முள் போடவே கூடாது. பூச்சியைக் கையில் கொடுத்து விளக்கினால் ஆர்வமாகப் பார்த்துவிட்டு வீச அனுமதித்துவிடுகிறார்கள். ஜிலேபி மீன் இதற்கு அருமையான ஆள், தண்ணீருக்குள் மெதுவாக இறங்குகிற சின்னக் கறுப்புப் பூச்சியை நன்றாக எடுக்கும். நாட்டுக்கோழிக் கடையில் கேட்டால் சேவலின் கழுத்து இறகு சும்மாவே கிடைக்கும், 12 அல்லது 14 நம்பர் முள்ளில் நீங்களே கட்டிவிடலாம்.

நண்பர்களோடு என்று கேட்டிருக்கிறீர்கள், என்னைக் கேட்டால் இதைத் தனியாகப் பழகவே கூடாது. வீசுகிறவனுக்குப் பின்னால் கயிறு என்ன செய்கிறது என்று தெரியாது, பக்கவாட்டில் ஒருத்தன் நின்று "இப்போ விடுடா" என்று சொன்னால் ஒரே காலையில் கைக்கு நேரம் பிடிபட்டுவிடும். எங்கள் செட்டில் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். இன்றைக்கும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் வீசுவோம், மற்றவர்கள் மீன் எங்கே புரள்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்தது ஓடுகிற தண்ணீர். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததே, அந்த வெள்ளம் நன்றாக வடிந்த பிறகு முழங்கால் அளவு ஓடிய தண்ணீரில்தான் எங்களுக்கு இது புரிந்தது. மீன் எதிர்நீரைப் பார்த்து நிற்கும், அதனால் கீழேயிருந்து மேல்நோக்கிப் போய் அதன் முதுகுப் பக்கமாக நெருங்க வேண்டும். நடுவில் வேகமாக ஓடும் நீர் கயிற்றை இழுத்தால் பூச்சியும் கூடவே இழுபடும், அப்படி இழுபடுகிற பூச்சியை ட்ரவுட் பெரும்பாலும் தொடாது. கயிற்றின் நடுப்பகுதியை மெல்லத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பாலாற்றில் மட்டும் பிடித்த மீனைச் சாப்பிடாதீர்கள், தோல் கழிவு கலந்த தண்ணீர். இப்படிப்பட்ட ஆற்றை இந்த நிலைக்கு விட்டிருக்கிறோமே என்று வயிறு எரிகிறது.

கை பழகியதும் நீலகிரிக்குக் கிளம்பலாம். மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிடமும் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். 9 அடிக் கோல், 5ஆம் நம்பர் கயிறு (நம்பர் கயிற்றின் கனத்தைச் சொல்வது) ட்ரவுட்டுக்குச் சரியாக இருக்கும், ஜிலேபிக்கும் அதுவே போதும், அதனால் முதலிலேயே அதை வாங்குங்கள். சால்மனுக்கு ஸ்காட்லாந்து, நார்வே மாதிரி இடங்களுக்குத்தான் போக வேண்டும், அங்கே பெரிய ஆறுகளில் இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற 13, 15 அடிக் கோல் வேண்டும். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிய சால்மன் இரை தின்பதையே நிறுத்திவிடும், சீண்டினால்தான் பூச்சியைக் கவ்வும், நாள் முழுக்க வீசியும் ஒன்றும் வராமல் போவது அங்கே சகஜம். அந்தச் செலவை ட்ரவுட் பிடித்த பிறகு யோசியுங்கள்.