பெட்டியைப் பிரித்த அன்றே எழுதலாமா? (கடிதம்)

வணக்கம் சார்,

ஆறு மாதமாக ஆக்‌ஷன் ஃபிகர்களை (கைகால் அசைகிற பாத்திரப் பொம்மைகள்) பற்றி எழுதிவருகிறேன். பெரும்பாலும் ஸ்டார் வார்ஸ் படப் பொம்மைகள், அதிலும் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் பிளாக் சீரிஸ் வரிசையில் வரும் 6 அங்குலப் பொம்மைகள்தான். போன மாதம் ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு, அதாவது படத்தில் வரும் வெள்ளைக் கவசப் படைவீரனுக்கு, பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். அதைப் படித்து வாங்கிய ஒருவர், "இரண்டு வாரத்தில் முன்பக்கமாகச் சாய்ந்து அலமாரியிலிருந்து விழுகிறது, நீங்கள் நிற்கவைத்துப் பார்த்தீர்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், போட்டோ எடுத்த கையோடு திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பிரித்தால் விலை போய்விடும் என்று நண்பர்கள் சொல்வதுதான் காரணம். அப்படியானால் விமர்சனம் எழுதுகிறவன் என்ன செய்வது? மூட்டுகளின் எண்ணிக்கை, முகச்சாயல், படத்தில் வருவதுபோல் இருக்கிறதா, இவற்றைத்தான் நான் பார்க்கிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்? அப்புறம், "பொம்மைக்கு என்னடா விமர்சனம்" என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

பிரபு, திருப்பூர்

அன்புள்ள பிரபு,

முதலில் அந்த வாசகருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். உங்கள் எழுத்தை நம்பிச் சில ஆயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறார், அந்த உரிமையில் கேட்கிறார். அவர் சொல்வது சரி. நிற்கவைக்காமல், காலை மடக்காமல், கையில் துப்பாக்கியைக் கொடுத்து அது பிடிக்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் எழுதியது அந்தப் பொம்மையின் புகைப்படத்துக்கான விமர்சனம். விளம்பரப் படங்களில் நாம் பார்ப்பது பல நேரம் கையால் கவனமாக வண்ணம் தீட்டிய மாதிரிப் பொம்மையை, கடைக்கு வருவது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தது. இரண்டுக்கும் நடுவே என்ன ஆயிற்று என்று சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் நாம் எழுதுகிறோம்.

மூட்டுகளின் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எழுதுகிற எல்லோரும் இங்கேதான் முதலில் வழுக்குகிறோம். கென்னர் நிறுவனம் 1978-இல் விற்ற முதல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருந்த நிறுவனம். 1977 மே மாதம் படம் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியபோது கையில் பொம்மை தயாராக இல்லை. அதனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை உறையைத்தான் விற்றார்கள். உள்ளே இருந்த சான்றிதழை அனுப்பினால், லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பாத்திரங்களின் பொம்மைகளும் 1978-இல் தபாலில் வீட்டுக்கு வரும். மூன்றே முக்கால் அங்குல உயரம். பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என ஐந்தே மூட்டு. ஸ்டார்ம்ட்ரூப்பருக்கு அதுவும் இல்லை, அதன் தலை திரும்பாது, நாலுதான்.

இதை இன்றைக்கு உங்கள் முறைப்படி எடைபோட்டால் பத்துக்கு இரண்டு கிடைக்கும். கென்னருக்கு வேறு வழி தெரியாமல் இல்லை. ஏறக்குறைய அதே அளவில், முழங்கை முழங்கால் எல்லாம் மடங்குகிற மைக்ரோநாட்ஸ் பொம்மைகளை மீகோ நிறுவனம் 1976-லேயே அமெரிக்காவில் விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் கென்னர் பொம்மை விண்கலத்துக்குள் உட்கார வேண்டும். அதுவரை ராணுவ வீரன் ஜி.ஐ.ஜோ 12 அங்குலம், மீகோவின் ஸ்டார் டிரெக் ஆட்கள் 8 அங்குலம். அந்த அளவு ஆளுக்கு ஏற்ற மாதிரி படத்தில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தைச் செய்தால் அது ஒரு அறையை அடைத்துக்கொள்ளும், விலையையும் யாரும் தொட முடியாது. ஆளைச் சின்னதாக்கியதால் கப்பலும் பையனின் கைக்கு எட்டியது. அந்த வேலைக்கு இடுப்பு மடிந்து உட்கார்ந்தால் போதும். 1985-இல் அந்த வரிசை நிற்பதற்குள் 90க்கும் மேல் பாத்திரங்கள் வந்துவிட்டன, எல்லாமே ஒரே அளவுகோலில், ஒன்றோடொன்று பொருந்தி விளையாடுகிற மாதிரி. அதனால் பிரபு, மூட்டை எண்ணுவதற்கு முன்னால் இந்தப் பொம்மையை எதற்காகச் செய்தார்கள் என்று கேளுங்கள். பிளாக் சீரிஸ் மேசையில் விதவிதமாக நிறுத்திவைக்கச் செய்தது, அங்கே மூட்டு முக்கியம்தான். ஆனால் அங்கேயும் எண்ணிக்கையைவிட, தொடைக் கவசம் காலை எவ்வளவு தூரம் முன்னால் வர விடுகிறது, முழங்காலிட்டால் நிற்கிறதா, இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் வாங்குகிறவருக்கு வேண்டும். இருபது மூட்டு இருந்தும் கவசம் இடித்து எதுவும் அசையாத பொம்மைகள் என் அலமாரியிலேயே இருக்கின்றன.

'படத்தில் வருவதுபோல் இருக்கிறதா' என்பதையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். 1978-இல் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளில் மட்டும் விற்ற ஒரு மதுக்கடை செட்டில் ஸ்நாகில்டூத் என்று ஒரு வேற்றுக்கிரகவாசி வந்தது. கென்னரிடம் இருந்தது இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதை வைத்து நல்ல உயரமாக, நீல உடையும் பூட்ஸுமாகச் செய்துவிட்டார்கள். படத்தில் அது குள்ளம், உடை சிவப்பு. பின்னால் குள்ளமாகச் சிவப்பில் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுவது அந்த நீலத்தைத்தான். அரிதாக இருப்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனிப் பொம்மையாகப் பார்த்தாலும் அதற்கென்று ஒரு தோரணை இருக்கிறது. தவறான உருவம் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் அந்தத் தோரணையைத் தவறவிடுவோம்.

பெட்டி விஷயம். பிரிக்காமல் வைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அட்டையின் ஓவியம், பின்பக்கத்தில் அச்சிட்ட பொம்மைகளின் பட்டியல், எல்லாமே வரலாறு. முதல் 12 பொம்மைகள் மட்டும் பின்னால் அச்சான அட்டைகளைத் தேடி அலைகிறவர்களுக்கு அதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. ஸ்டார் வார்ஸில் வரும் ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்தின் பழைய பொம்மைக்கு இருந்த பிளாஸ்டிக் மேலங்கியையே பாருங்கள். முதலில் வினைல் அங்கியோடு வந்து, சீக்கிரமே துணி அங்கிக்கு மாறிய பொம்மை அது. வினைல் அரிது என்பதால் பென் கெனோபி என்ற இன்னொரு பாத்திரப் பொம்மையின் அங்கியை வெட்டிப் போலி செய்து விற்கிறார்கள். அட்டையில் மூடியபடி இருந்தால் நம்பிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் அதெல்லாம் பாதுகாக்கிறவரின் வேலை. விமர்சிக்கிறவர் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்க ஒன்று, வைத்திருக்க ஒன்று என்று இரண்டு வாங்கப் பணம் இடம் கொடுக்காவிட்டால், பிரிக்க மனம் வருகிறதை மட்டும் விமர்சியுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். மறுவிற்பனை விலையை நினைத்துக்கொண்டு ஒரு பொம்மையின் முழங்காலை மடக்கவே முடியாது.

எப்போது எழுதுவது? இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விற்பனையாளர் எனக்கு ஒரு விண்வெளி வீரன் பொம்மையை இலவசமாக அனுப்பினார். பெயர் வேண்டாம். வந்த அன்று இரவே உட்கார்ந்து அமர்க்களமாகப் பாராட்டி எழுதினேன், இலவசமாக வந்தது என்ற ஒரு வரியையும் எழுதாமல் விட்டேன். மூன்றாவது மாதம் வலது முழங்காலின் ஊசி முறிந்தது. அதே வாரம் ஒரு அம்மா எழுதியிருந்தார், மகனின் பிறந்தநாளுக்கு என் கட்டுரையைப் பார்த்து வாங்கினாராம், அதே முழங்கால் முறிந்ததாம். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் கஷ்டப்பட்டேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், கட்டுரையின் மேலேயே நடந்ததைச் சேர்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு ஏற்பாடு. முதல் நாள் வெறும் குறிப்பு, மூன்று மாதம் கழித்து விமர்சனம். இலவசம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்தில் என்ன தெரியும் என்றால், நிறையத் தெரியும். உங்கள் வாசகரின் ஸ்டார்ம்ட்ரூப்பர் சாய்வதே அப்படித்தான். உடலின் மொத்த எடையும் இரண்டு கணுக்காலில் இறங்குகிறது. அங்கே பி.வி.சி. மாதிரி மென்மையான பிளாஸ்டிக் இருந்தால் சூட்டில் இளகி, எடையின் பக்கமாக மெதுவாக வளையும். நம் ஊர் மே மாதம் அதற்கு ரொம்பத் தோது. வாசகரிடம் சொல்லுங்கள்: பொம்மையின் காலை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இறுகிப்போன மூட்டுக்கும் இதே வைத்தியம்தான், சூடாக்காமல் பலமாகத் திருப்பினால் முறியும். இன்னும் கொஞ்ச காலம் போனால் மூட்டு உரசும் இடத்தில் பெயிண்ட் போகிறதா, பிளாஸ்டிக் பிசுபிசுக்க ஆரம்பிக்கிறதா என்பதும் தெரியும். வெள்ளைப் பொம்மை மஞ்சளாகிறதா என்று பார்க்க வருடங்கள் வேண்டும். பழைய கென்னர் ஸ்டார்ம்ட்ரூப்பர்களில் பளிச்சென்ற வெள்ளையாக இருப்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

யாருமே எழுதாத ஒன்று, உடைந்தால் சரிசெய்ய முடியுமா என்பது. சென்னையைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் தயாரித்த ஜி.ஐ.ஜோ பொம்மைகளை உங்கள் அப்பா கடையில் பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் 1982-இல் ஜி.ஐ.ஜோ சின்ன அளவுக்கு மாறியபோது வந்த அமைப்பு அது: உடம்புக்குள் ஒரு ரப்பர் வளையம் காலையும் மார்பையும் இழுத்துப் பிடித்திருக்கும். வருடங்கள் போனால் ரப்பர் காய்ந்து அறுந்து, பொம்மை இரண்டு துண்டாகிவிடும். ஆனால் முதுகில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கழற்றி, சரியான அளவு வளையத்தைப் போட்டு மூடினால் திரும்ப நிற்கும். என்னிடம் இருப்பதை நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன், மறுபடி இடுப்பு இறுகி அது எழுந்து நின்றபோது வந்த சந்தோஷம் புதிதாக எதை வாங்கியபோதும் வரவில்லை. கென்னர் பொம்மைகளின் உடம்பு ஒட்டி மூடியது, கால் தளர்ந்தால் பிரித்துப் பார்க்க வழியில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

அப்பாவுக்குப் பதில். என் அம்மா ஒவ்வொரு நவராத்திரிக்கும் பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கி, துணியைப் பிரித்து, எதற்கு மூக்கு உடைந்திருக்கிறது, எதற்குச் சாயம் உதிர்கிறது, எந்த ஊர்ப் பொம்மை இன்னும் அப்படியே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்குவார். அடுத்த வருடம் எங்கே வாங்க வேண்டும் என்பது அதில் முடிவாகும். பக்கத்து வீட்டுக்காரர்களும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஸ்டார்ம்ட்ரூப்பரை இன்றைக்கே வெளியே எடுத்து, ஸ்டாண்ட் இல்லாமல், ஜன்னல் வெயில் நேராகப் படாத இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு பிரதி என்பதையும் எழுதுங்கள், அடுத்தவருக்கு வருவதில் கண் பெயிண்ட் விலகியிருக்கலாம், கணுக்கால் உங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கலாம். பழைய கட்டுரையை அழிக்க வேண்டாம், மேலே தேதி போட்டு அந்த வாசகர் சொன்னதைச் சேருங்கள். மூன்று மாதம் கழித்து எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.