மாட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரே மருந்தா?

கேள்வி: பசுவுக்கு மடிவீக்கம் என்று மிருக வைத்தியர் காம்பு வழியாக ஏற்றிய மருந்திலும், மகளின் காதுக்கு டொக்டர் எழுதிய குளிசையிலும் 'அமொக்ஸிசிலின், கிளவுலானிக் அமிலம்' என்றே இருந்தது. இது வெறும் அமொக்ஸிசிலினை விடப் பவர் கூடியதா? மிஞ்சிய குளிசையை மாட்டுக்குக் கொடுக்கலாமா?
ஒரு வாசகி, கிரான்

பதில்: கொடுக்கவே வேண்டாம். மாட்டின் வயிற்றில் புல்லைச் செரிக்க வைப்பதே அங்கு வாழும் நுண்ணுயிர்கள்தான், வாய்வழியே இந்தக் குளிசை போனால் அவையும் சாகும், மாடு தீனி எடுக்காது. அதுசரி, குளிசை ஏன் மிஞ்சியது? வலி நின்றதும் நிறுத்தியிருந்தால் டொக்டரிடம் ஒருக்கால் சொல்லிவிடுங்கள்.

பவர் விஷயத்துக்கு வருவோம். அமொக்ஸிசிலின் பக்டீரியாவைச் சுவர் கட்டவிடாமல் கொல்கிறது. ஆனால் பல பக்டீரியாக்கள் பீற்றா-லக்டமேஸ் என்ற நொதியத்தைச் சுரந்து அந்த மருந்தையே உடைத்துவிடுகின்றன. கிளவுலானிக் அமிலம் தனியாகக் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, அந்த நொதியத்தில் போய் ஒட்டி அதை முடக்கிவிடும், அதன்பிறகு அமொக்ஸிசிலின் தன் வேலையைப் பார்க்கும். இந்தச் சோடி பிரித்தானியாவில் 1981இல் விற்பனைக்கு வந்தது. 625 குளிசை என்றால் 500 மில்லிகிராம் அமொக்ஸிசிலின், 125 கிளவுலானிக். 375இல் 250 உடன் அதே 125. அதனால் 625 கிடைக்காத நாளில் இரண்டு 375 போட்டால் கிளவுலானிக் இரட்டிப்பாகும், வயிற்றோட்டமும் கூடும். பாமசியில் அப்படி மாற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

எல்லா எதிர்ப்பையும் இது உடைக்காது. எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி மருந்தை உடைப்பதை மட்டும் நம்பியிருப்பதில்லை, மருந்து பிடிக்க முடியாத வேறொரு புரதத்தையும் வைத்திருக்கிறது, அங்கே கிளவுலானிக்கால் பயனில்லை. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவிபக்டம் என்ற மருந்து இன்னும் பல நொதியங்களை முடக்குகிறது, ஆனால் என்டிஎம் என்ற நொதியத்திடம் அதுவும் தோற்கிறது. மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்புகளும் பக்டீரியாவில் உண்டு, அவற்றை அடைக்கும் மருந்துகளை ஆய்வுகூடங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குக் கவலை தருவது இதுதான்: எதிர்ப்பு மரபணுக்களை பக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும், பட்டியில் உருவான எதிர்ப்பு வீட்டுக்குள் வரும், வீட்டில் உருவானது பட்டிக்குப் போகும். ஆகவே மாட்டுக்கு ஏற்றும் மருந்தையும் மிருக வைத்தியர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். அவர் சொல்லும் காலம் முடியும்வரை அந்தப் பாலை விற்கவோ தயிருக்கு ஊற்றவோ வேண்டாம், மருந்து கலந்த பாலில் உறைமோரின் பக்டீரியாவும் செத்துத் தயிர் உறையாமல் போகும்.