மூன்று துப்பாக்கிப் போட்டிக்கு முதலில் எதை வாங்குவது?

போகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் இருபத்தாறு வயது ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். பிஸ்டல், ரைபிள், ஷொட்கன் (சிறு ஈயக்குண்டுகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் மாற்றி மாற்றிச் சுடும் ‘மல்டிகன்’ போட்டிகளைக் காணொளிகளில் பார்த்து, அந்த விளையாட்டில் இறங்க விரும்புகிறார். காட்டுப்பன்றிகளிடமிருந்து மரக்கறிப் பாத்திகளைக் காப்பதற்காக அவருடைய தந்தையிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் ‘பன்னிரண்டு போர்’ (12 bore என்ற குழல் அளவு) ஷொட்கன் ஒன்று இருக்கிறது. அதை வைத்துத் தோட்டத்து மைதானத்தின் ஓரத்தில் பழகத் தொடங்கலாமா, கையில் இருக்கும் சிறு சேமிப்பில் முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

முதற்கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. இரண்டாம் கேள்விக்கு, முதல் ஓராண்டில் எந்தத் துப்பாக்கியையும் வாங்காதீர்கள் என்பேன். உங்கள் சேமிப்பு, காதுக் கவசம் ஒன்றுக்கும், கண் காக்கும் கண்ணாடி ஒன்றுக்கும், பயிற்சி தரும் கழகம் இருக்கும் ஊருக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் போகட்டும். உங்கள் ஆர்வத்தைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. இந்த விளையாட்டில் நெடுங்காலம் நிலைத்தவர்களில் நான் அறிந்த பெரும்பாலானோர் இரவல் கருவியில்தான் தொடங்கினார்கள்.

மல்டிகன் என்பது செயல்முறைச் சுடுதலின் ஒரு கிளை. அந்தத் துறைக்கான அனைத்துலகக் கூட்டமைப்பு 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் உருவானது. அமெரிக்கச் சுடுதல் பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் ஆகிய மூன்றையும் ஒருசேர அளப்பதே அதன் நோக்கம். போட்டியாளர் ஓர் இடத்தில் நின்று சுடுவதில்லை. ஒலிச் சமிக்ஞை கேட்டதும் ஓடி, தடுப்புக்குப் பின்னால் நின்று, முழந்தாளிட்டு, சில வேளை படுத்து, அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட்டு, ஒரு துப்பாக்கியைப் பாதுகாப்பான நிலையில் அதற்குரிய பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். மல்டிகன் போட்டிகள் பலவற்றில் எடுத்த நேரமே புள்ளி. தவறவிட்ட ஒவ்வோர் இலக்குக்கும் அதனுடன் தண்டனை விநாடிகள் சேர்க்கப்படும். ஆகவே வேகமாகச் சுட்டுத் தவறவிடுபவரைவிட, சற்று நிதானித்துப் பட வைப்பவரே பெரும்பாலும் முன்னுக்கு நிற்கிறார். காணொளியில் வேகம் தெரிகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நிதானம் தெரிவதில்லை.

நீங்கள் காணொளிகளில் பார்க்கும் கருவிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் பொதுமக்கள் வாங்கக்கூடியவை: ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள், பல தோட்டாக்கள் கொள்ளும் பன்னிரண்டு போர் ஷொட்கன். அங்கே ‘அடிப்படைக் கருவி’ என்று சொல்வது இந்த மூன்றும், ஒரு கெட்டியான இடைவாரும், பிஸ்டல் உறையும், மகசீன் (தோட்டாக் கூடு) பைகளும், ஷொட்கன் தோட்டாக்களைச் செருகி வைக்கும் தாங்கிகளும் ஆகும். இங்கே நிலைமை முற்றிலும் வேறு. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களுமே நடைமுறையில் இருக்கின்றன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தன்னியக்கத் துப்பாக்கிகளைச் சட்டம் மிகக் கடுமையாக நோக்குகிறது. மூன்று கருவிகளையும் ஒரு தனியாள் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்துத் தொடங்கும் வழி நமக்கு இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே திட்டமிட வேண்டும். கட்டுத்துவக்கு, நாட்டுத் துப்பாக்கி என்று மலையகத்தின் காட்டோரங்களில் புழங்கும் உரிமமற்ற எதையும் பழகுவதற்காகக்கூடத் தொடாதீர்கள். அவை சுடுபவரையே காயப்படுத்தக் கூடியவை, சிறைக்கும் கொண்டு சேர்ப்பவை.

தந்தையின் துப்பாக்கிக்கு வருகிறேன். அந்த உரிமம் அவர் பெயரில், பயிர்ப் பாதுகாப்புக்காகத் தரப்பட்டது. அது குடும்பச் சொத்தல்ல. மகன் மைதானத்துக்கு எடுத்துச் சென்று பழகுவதற்கும் அது இடம் தராது. சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் உங்கள் மைதானம் அதற்குத் தகுந்த இடமல்ல. சுடுதளம் என்றால், தவறிப் போகும் ஒவ்வொரு குண்டையும் நிறுத்தும் உயரமான மண்ணணை இலக்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். நம் மலைச்சரிவுகள் அப்படித் தோற்றமளித்தாலும், தேயிலைச் செடிகளுக்கிடையில் கொழுந்து பறிப்பவர்கள் நிற்பார்கள். சரிவின் கீழே லயமும் பாதையும் இருக்கும். கற்பாறையில் பட்ட ஈயம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. மூடுபனி இறங்கும் மாலையில் ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஆள் நிற்பதே தெரியாத ஊர் அது. நான் எழுதியதில் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? காற்றழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் பத்து மீற்றர் காற்று ரைபிளில் தொடங்குங்கள். நம் நாட்டில் சுடுதல் விளையாட்டுக்கு வேர் உள்ள இடம் அதுதான். 1994 இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் மாலினி விக்கிரமசிங்கவும் புஷ்பமாலி ராமநாயக்கவும் மகளிர் காற்று ரைபிள் இணைப் போட்டியில் தங்கம் வென்றார்கள். 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல பங்கேற்றதும் பத்து மீற்றர் காற்று ரைபிளில்தான். நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது: உங்கள் வலயத்தில் மாணவர் படையணி உள்ள பாடசாலை எது, அங்கே சுடுதல் பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். கண்டிப் பக்கத்திலும் கொழும்பிலும் உள்ள கழகங்களைப் பற்றி, சுடுதல் விளையாட்டின் தேசிய சம்மேளனத்திடம் கடிதம் மூலம் கேட்கலாம். காற்று ரைபிள்தானே, விளையாட்டுச் சாமான்தானே என்று எண்ணி இணையக் கடைகளில் ஒன்றை வரவழைத்துவிடாதீர்கள். அதற்கு என்ன அனுமதி தேவை என்பதை முதலில் மாவட்டச் செயலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டே சுடும் விளையாட்டுக்கு, அசையாமல் நின்று சுடும் காற்று ரைபிள் எப்படி உதவும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் போட்டியின் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு புள்ளி. 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டு ஒன்றைப் பத்து மீற்றர் தூரத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு அனுப்ப வேண்டும். அப்படி அறுபது தடவை, மின்னணு இலக்கு என்றால் எழுபத்தைந்து நிமிடத்துக்குள். விசையை இழுக்கும் விரல் துப்பாக்கியைச் சிறிதளவு தள்ளினாலும் இலக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். குண்டு குழலைவிட்டு நீங்கும்வரை பார்வைக் குறிகளிலிருந்து கண்ணை எடுக்காதிருக்கவும், சுட்ட பிறகும் ஒரு கணம் அதே நிலையில் நிற்கவும் அது பழக்கும். பிஸ்டலிலும் ரைபிளிலும் புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி விசையில்தான் பிறக்கிறது. வெடியோசையும் உதைப்பும் அந்தப் பிழையை மறைத்துவிடுகின்றன. காற்று ரைபிளில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்துக் காற்றுப் பிஸ்டலையும் கேட்டு வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அதன் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர், அகலமாகத் தோன்றினாலும் ஒற்றைக் கையால் பிடிக்க வேண்டியிருப்பதால் மனத்தாங்கல் அதிலேயே அதிகம். அதையும் தாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். மல்டிகன் போட்டியில் குழலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே நோக்கியிருக்க வேண்டும். உங்கள் இருபுறமும் விரியும் 180 பாகைக் கோட்டைக் குழல் தாண்டிய அந்த நொடியிலேயே, ஒரு குண்டும் வெடிக்காவிட்டாலும், போட்டியிலிருந்து நீக்கப்படுவீர்கள். நகரும்போதும் தோட்டா மாற்றும்போதும் விரல் விசைக் காப்புக்கு வெளியே நேராக நீண்டிருக்க வேண்டும். சுடுதள அதிகாரியின் கட்டளை வரும்வரை எந்தத் துப்பாக்கியும் வெறுமையாகவே இருக்க வேண்டும். நான் பழகிய முதல் மாதத்தில், பயிற்றுநர் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தபோது, கையில் துப்பாக்கியோடு உடம்பைத் திருப்பிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதை என் கையிலிருந்து வாங்கினார். அன்று முழுவதும் என்னைச் சுடவிடவில்லை. அடுத்த வாரமும் வெறும் கையோடு திரும்பிப் பார்க்கும் பயிற்சியையே கொடுத்தார். தலை திரும்பலாம், கால் திரும்பலாம், குழல் திரும்பக்கூடாது என்பது அன்றிலிருந்து என் உடம்பில் தங்கிவிட்டது. உங்கள் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர்களைக் கவனித்தால் இது எளிதில் விளங்கும். கூரிய கத்தியோடு சரிவில் நடக்கும்போது அவர்கள் இடைவெளி விட்டு நடப்பதும், யாராவது கூப்பிட்டால் கத்திக் கையை அசைக்காமல் முகத்தை மட்டும் திருப்புவதும் பழக்கத்தால் வந்தவை. அப்படியொரு பழக்கமே உங்களுக்கும் வேண்டும்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம். அதற்குத் துப்பாக்கி தேவையில்லை. ஒரு தும்புத்தடியின் கம்பை எடுத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய இரண்டு மூன்று தாள்களை நோக்கி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கம்பின் முனை சுவரை விட்டு விலகாமல் நகர்ந்து பழகுங்கள். வலமிருந்து இடம் போவது வலக்கைக்காரருக்கு ஏன் கடினம் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்: இடப்பக்கம் ஓடும்போது உடம்பு தானாகவே குழலையும் இடப்பக்கம் இழுக்கும். துப்பாக்கி வடிவத்தில் மரத்தைச் செதுக்க வேண்டாம். அதை வெளியே எடுத்துச் செல்லவே வேண்டாம். நம் நாட்டில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மரமென்று தெரியாது, அதனால் வரும் தொல்லை பெரிது. கழகத்தில் வெற்றுத் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகும்போதும் கவனம் தேவை. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியைக் குண்டின்றி இயக்கினால் அதன் உள்தண்டு அடிபடும்; .22 அங்குல ரைபிள்கள் பலவற்றில் தோட்டாவைத் தட்டும் ஊசி குழல்விளிம்பில் மோதிச் சேதமாகும். பயிற்றுநரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.

உடம்பைப் பற்றி மலையகத்தவருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துப் படிகளில் ஏறி இறங்கும் கால் உங்களிடம் இருக்கிறது. ஓடிவந்து நின்றதும் மூச்சை எவ்வளவு விரைவில் அடக்க முடிகிறது என்பதை மட்டும் பழகுங்கள்.

வாங்க வேண்டியவற்றில் காதுக் கவசத்துக்கே முதலிடம். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் வெடியோசை 140 டெசிபெல்லைத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடிகூடச் செவியின் நுண்மயிர்க் கலங்களை மீளாதபடி சிதைக்கலாம். பஞ்சை அடைத்துக்கொள்வது பயன் தராது. காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதன்மேல் வெளிக் கவசம் என இரண்டையும் அணியுங்கள். கண்ணாடி, பக்கங்களையும் மறைக்கும் உடையாத வகையாக இருக்க வேண்டும். இரும்புத் தகட்டில் பட்ட ஈயம் சிதறித் திரும்பி வரும் என்பதால்தான், தகடுகளைப் பிஸ்டலால் ஏழு மீற்றருக்குள்ளும் ரைபிளால் நாற்பத்தைந்து மீற்றருக்குள்ளும் சுடக்கூடாது என்று விதி இருக்கிறது. சுட்டு முடித்ததும் ஈயம் படிந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடாதீர்கள். அடிப்பகுதி வழுக்காத சப்பாத்தும், ஒவ்வொரு நாளும் என்ன தவறியது என்று எழுத ஒரு கொப்பியும் போதும். இடைவாரும் உறையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டில், கழகம் அனுமதித்தால், கழகத்தின் ஷொட்கனால், வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடுங்கள். 110 மில்லிமீற்றர் அகலமான தட்டு பறக்கும்போது, அது இருக்கும் இடத்தையல்ல, போகப்போகும் இடத்தைச் சுட வேண்டும். துப்பாக்கியை நிறுத்தாமல் இலக்கோடு சேர்த்து நகர்த்தும் இயல்பு அதில் வரும். அத்துடன், மல்டிகன் ஓட்டத்தில் நேரம் வீணாகும் முதன்மையான இடம் ஷொட்கனுக்குத் தோட்டா நிரப்புவதுதான். குண்டு நிரப்பாத பயிற்சித் தோட்டாக்களைக் கொண்டு, பார்க்காமலே எடுத்துச் செருகும் கைப்பழக்கத்தைப் பயிற்றுநரின் முன்னால் வளர்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் கைவந்த பிறகு, செயல்முறைச் சுடுதல் நடத்தும் கழகமொன்றில், ஒரே வகைத் துப்பாக்கியால் மட்டும் சுடும் போட்டியில் சேருங்கள். மூன்றாவது துப்பாக்கியைப் பற்றி அப்போது பேசலாம்.

தந்தையின் துப்பாக்கி பற்றி இன்னொரு சொல். உங்கள் ஊரின் ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருவேறும். அதைத் தோலுறைக்குள் வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிக் குழலோடு ஒட்டி வைத்துவிடும். மழையிலோ பனியிலோ வெளியே கொண்டுபோய் வந்த அன்றிரவே, தோட்டாவை அகற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டு, பூட்டிய அலுமாரியில் வைக்க வேண்டும். தோட்டாக்கள் வேறிடத்தில், வேறு பூட்டில் இருக்கட்டும். அந்தச் சாவிகள் உங்கள் தந்தையிடமே இருக்கட்டும்.