இரவுக் காவலில் எந்த விளக்கு எரிய வேண்டும்?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. நண்பரின் 11 மீட்டர் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து கோவாவுக்கு முதல் முறையாகப் போகிறேன். இரவுக் காவல் என் பொறுப்பு. கப்பல் எதுவும் மோதாமலிருக்க எல்லா விளக்குகளையும் எரியவிட்டால் நல்லதுதானே?

பதில்: நல்லதல்ல. காய்ப்புக் காலத்தில் தோப்புக் காவலுக்குப் போயிருப்பீர்கள். டார்ச் எரியும் வரை உங்களுக்குத் தெரிவது அந்த வெளிச்ச வட்டம் மட்டும்தான். பத்து மரம் தள்ளி நிற்பவனுக்கோ நீங்கள் நன்றாகத் தெரிகிறீர்கள். அணைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தால்தான் கிளை அசைவது புலப்படும். கடலிலும் அதே கண்தான்.

அது இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களின் நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்துவிடும். மெதுவாகத்தான் மறுபடி ஊறும். மணி பார்க்கக் கைபேசியைத் திறந்தீர்களா, காத்திருந்தது வீண். அந்தச் செல்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால் மங்கலான சிவப்பு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். (ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் அச்சிட்ட குறிகள் அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும்.) தொலைவில் விளக்கு இருப்பதுபோல் தோன்றினால் நேராக உற்றுப் பார்க்காமல், சற்று ஓரமாகப் பாருங்கள், தெரியும்.

1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, பாயில் ஓடும் படகு இடப்புறம் சிவப்பும் வலப்புறம் பச்சையும் பின்னால் வெள்ளையும் காட்ட வேண்டும். 20 மீட்டருக்குக் குறைந்த படகில் மூன்றையும் ஒரே விளக்காகப் பாய்மர உச்சியில் வைக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான். தொலைவுக்குத் தெரியும், உங்கள் கண்ணில் அடிக்காது. முன்முனை விளக்கின் ஒளியோ அங்குள்ள கம்பிகளில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும்.

காற்று விழுந்து இன்ஜினைப் போட்டுவிட்டால், பாய் விரிந்திருந்தாலும் உங்களுடையது விசைப்படகுதான். உச்சி விளக்கை அணைத்துவிட்டு, கீழே உள்ள பக்க விளக்குகள், பின் விளக்கு, பாய்மரத்தின் முன்பக்க வெள்ளை விளக்கு ஆகியவற்றைப் போட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறையப் பேர். சுவிட்சுகளைப் பகலிலேயே கண்ணை மூடித் தடவிப் பழகுங்கள்.

ஒரு கப்பலின் விளக்கு, உங்களுக்குத் தெரியும் திசை மாறாமல், நெருங்கிக்கொண்டே வந்தால் அது மோதும் பாதை. உடனே நண்பரை எழுப்புங்கள். பெரிய டார்ச்சை உங்கள் பாயின் மேல் அடித்தால் துணி முழுதும் வெள்ளையாக ஒளிரும். அடிக்கும்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு கடலைப் பார்க்க அந்தக் கண்தான் மிச்சம்.