வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்காதே

தம்பி, களியக்காவிளையிலிருந்து குவைத்துக்குப் புதிதாக வந்திருக்கிறாய். பன்னிரண்டு மணி நேர வேலையில் ஜெபிக்க நேரமே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். லைசென்ஸ், அறை வாடகை, பணம் அனுப்புவது எல்லாம் உன் அறையில் இருப்பவர்களே சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஓவர்டைமுக்கு மட்டும் சம்மதிக்காதே. இங்கே வார ஓய்வு வெள்ளி. ஞாயிறு வேலை நாள். அதனால் பெரும்பாலான சபைகள் வெள்ளியன்றுதான் கூடுகின்றன. பெரிய வெள்ளி ஓய்வு நாளிலேயே வந்துவிடும். ஆனால் ஈஸ்டர் அன்று வேலைக்குப் போகவேண்டும், கிறிஸ்துமஸுக்கும் அரசு விடுமுறை கிடையாது. வெள்ளியும் போனால் உனக்கு என்ன மிஞ்சும்? விசாவுக்கு வாங்கிய கடன் தீரும்வரை என்று தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். கடன் தீர்ந்தது; பிறகு மாடி எழுப்பினார்கள், தங்கைக்கு நகை சேர்த்தார்கள். ஆலயத்துக்குத் திரும்பவில்லை. மார்த்தாண்டம் பக்கத்து நம் ஆட்களிடம் இது அதிகம், வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

குவைத் சிட்டியில், அமெரிக்க மிஷனரிகளின் ஊழியத்தில் உருவான நேஷனல் எவாஞ்சலிகல் சர்ச் வளாகத்தில் பல மொழிகளில் ஆராதனை நடக்கிறது. அங்கே போ. பாட்டு பிடிக்கவில்லை என்று ஒரு சபையை விட்டு, அடுத்ததிலும் சண்டையிட்டு, அறையில் தனிக்கூட்டம் போடுகிறவர்களோடு சேராதே. கடல் தாண்டி வந்தும் பிரிவினையை விடாதவர்கள் அவர்கள். முஸ்லிம்களிடம் மதப் பிரசாரம் செய்வது இங்கே சட்டவிரோதம் என்பதையும் நினைவில் வை.

இனி அன்றாட ஜெபம். ஊரில் அந்தி சாய்ந்தால் பாய் விரிப்பார்கள். அம்மா மரச்சீனிக் கிழங்கை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்காருவாள். கீர்த்தனை பாடியதும் இளையவன் சங்கீதம் வாசிப்பான். இங்கே உனக்குப் பாய் விரிக்க ஆளில்லை. குவைத் நேரம் நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வீட்டில் ஏழரைக்குக் குடும்ப ஜெபம் என்றால் உனக்கு மாலை ஐந்து. நான் வந்த காலத்தில் தொலைபேசி கட்டுப்படியாகாது. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டில் அன்று வாசிக்கும் சங்கீதத்தை நானும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். எந்த நாளில் எது என்று கடிதத்தில் முன்பே பேசிவைத்திருந்தோம். வேதாகமத்தில் வரும் நெகேமியாவும் அந்நிய அரசனிடம் வேலை பார்த்தவர்தான். அரசன் கேள்வி கேட்டு நிற்கும்போதே ஜெபித்துவிட்டுப் பதில் சொன்னார். வெளிவேலை என்றால் இன்னொரு வாய்ப்பும் உண்டு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 முதல் 4 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அந்த இடைவேளை முழுவதையும் கைபேசியில் கரைக்காதே. வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவது ஜெபம் ஆகாது.

என் அறையில் பாலக்காட்டு முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், இக்கா என்று கூப்பிடுவோம். நான் மேல்கட்டிலில் வேதாகமத்தைத் திறந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்ததும் என் கட்டிலையும் தட்டுவார். அதிகாலை ஜெபம் எனக்குப் பழகியது அவரால்தான். உன் அறையிலும் அப்படி ஒருவர் இருப்பார், கூச்சப்படாமல் எழுப்பிவிடச் சொல். நீ தங்கியிருக்கும் பகுதியை எழுது. வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு எந்த பஸ் என்று சொல்கிறேன்.