பி.வை.டி நேற்று முளைத்த கம்பனியா? லீசிங் போட்டு எடுக்கலாமா?

தம்பி (தங்கச்சியாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம்), நீங்கள் கேட்டது இதுதான்: பி.வை.டி நேற்று முளைத்த சீனக் கம்பனிதானே, அதை நம்பி லீசிங் போட்டு மின்சாரக் கார் எடுக்கலாமா, மட்டக்களப்பு வெயிலுக்கு அந்தப் பற்றரி தாங்குமா. அரச உத்தியோகமாக இருப்பீர்கள், வீட்டிலும் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எடுக்கலாமா என்பதற்குப் பிறகு வருகிறேன். “நேற்று முளைத்த” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பி.வை.டி 1995 இல் சென்சென் நகரத்தில் தொடங்கியது. தொடங்கியவர் வாங் சுவான்ஃபு. ஏழை விவசாயக் குடும்பம், சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் வளர்த்துப் படிக்க வைத்தார். பெய்ஜிங்கில் பற்றரி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மனுசன், ஒன்றுவிட்ட சகோதரரிடம் 25 இலட்சம் யுவான் கடன் வாங்கி, இருபது பேரோடு பற்றரி செய்யத் தொடங்கினார். கார் இல்லை, கவனியுங்கள், பற்றரி. அந்த நேரம் ஜப்பான்காரர் முழுக்க இயந்திரம் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த இயந்திரம் வாங்க இவரிடம் காசில்லை. அதனால் வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகக் கையால் செய்ய வைத்தார். விலை இறங்கியது. 2000 இல் மோட்டரோலா, 2002 இல் நோக்கியா என்று பெரிய ஆட்கள் இவரிடம் வாங்கத் தொடங்கினார்கள். ஜப்பானின் சான்யோவும் சோனியும் காப்புரிமை வழக்குப் போட்டன. சான்யோ 2005 இல் சமாதானமாகப் போனது, சோனியின் காப்புரிமையே செல்லாது என்று ஜப்பானிலேயே தீர்ப்பாயிற்று. சீனன் என்றாலே கொப்பி என்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருக்கலாம். கொப்பி அடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, 2005 இல் வந்த இவர்களின் எஃப்3 காரைப் பார்த்தால் டொயோட்டா கொரோலாவின் தம்பி மாதிரித்தான் இருக்கும்.

2003 ஜனவரியில் சியான் நகரத்தில் நொந்துபோயிருந்த ஒரு கார் கம்பனியின் 77 வீதத்தை வாங்கினார்கள். பங்கு வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள், பங்கு விலை விழுந்தது, பற்றரிக்காரனுக்கு ஏன் கார் என்று. அதே 2003 ஜூலையில்தான் அமெரிக்காவில் டெஸ்லா பதிவானது. அதனால் கார்க் கதை என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வயது, கம்பனி என்று பார்த்தால் பி.வை.டி எட்டு வருசம் மூத்தது.

இதை எங்கள் சுவிஸ் சித்தப்பாவுக்குச் சொல்லிப் பாருங்கள். மாமாங்கத் திருவிழாவுக்கு வந்து நிற்கும்போது, “மகன், டெஸ்லாதான் கார், எலோன் மஸ்க் தன்னந்தனியாக உண்டாக்கினது, மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்” என்றார். டெஸ்லாவைத் தொடங்கியது மார்ட்டின் எபர்ஹார்ட், மார்க் டார்பெனிங் என்ற இருவர், மஸ்க் 2004 இல் காசு போட்டு உள்ளே வந்தவர், யார் நிறுவனர் என்று 2009 இல் வழக்குவரை போய், மஸ்கையும் சேர்த்து ஐந்து பேர் அந்தப் பெயரைப் பாவிக்கலாம் என்று முடித்துக்கொண்டார்கள் என்றேன். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பற்றரிக் கடைக்காரனுக்கு (என்னைத்தான்) என்ன தெரியும் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். டெஸ்லாவைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், மின்சாரக் காரை ஆட்கள் ஆசைப்படும் பொருளாக்கியதே அவர்கள்தான். ஆனால் சித்தப்பா போன்றவர்கள் வந்து கல்லடியில் வளவை வாங்கி, மதில் கட்டிப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், வருசத்தில் ஒரு மாதம் வெளிச்சம் எரிகிறது, இங்கே வேலை செய்கிற பொடியன் ஒருவன் ஒரு பேர்ச் காணி வாங்க முடியாத விலை. அங்கே பனியில் நின்று உழைத்த காசு, மறுக்கவில்லை. கார் பற்றியாவது எங்களைக் கொஞ்சம் பேச விடலாம்.

பற்றரிக் கடைக்காரன் என்பது எனக்கு வசவும் இல்லை. அப்பா களுவாஞ்சிகுடியில் பற்றரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. குருமண்வெளித் துறையால் தோணியிலும் பாதை என்கிற மிதவையிலும் பற்றரியைக் கொண்டுவந்து, சார்ஜ் போட்டுத் திரும்பக் கொண்டுபோவார்கள், இரவைக்கு ஒரு ரியூப்லைற்றும் ரீவியும் எரிய. சோதனைச் சாவடியில் பற்றரி என்றால் நூறு கேள்வி. அந்தக் கடையில்தான் பற்றரி அசிட்டை அளக்கும் ஹைட்ரோமீற்றர் பிடிக்கப் பழகினேன். ஆறு அறையில் ஒன்று செத்தாலும் முழுப் பற்றரியும் செத்த மாதிரித்தான் காட்டும், ஆனால் செத்தது ஒன்றுதான் என்று அப்பா சொல்லித் தந்தது இன்றைக்கும் சோறு போடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து வாத்தியார் ஒருவர், 2020 இல் இறக்குமதி நிற்பதற்கு முன்பே, ஜப்பானில் பாவித்த மின்சாரக் கார் ஒன்றை எடுத்திருந்தார். எந்தக் கம்பனி என்று சொல்ல மாட்டேன், பிறகு வீண் வழக்கு. ஊரே சிரித்தது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் பெற்றோல் செட்டடியில் இரவு பகலாக வரிசை நின்று, அப்புறம் கியூஆர் வந்து, ஒரு கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்களே, அப்போது வாத்தியார் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தார். சிரித்தவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு அவர் காரில்தான் போனார்கள், நானும் உட்பட. ஆனால் அந்தக் கார் பற்றரியைக் குளிர்விக்க ஒன்றுமில்லாத மாதிரி, வெறும் காற்றுதான். எங்கள் சித்திரை வெயில் தெரியும்தானே. போகப் போக ஓடும் தூரம் குறைந்து, கடைசியில் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போய் வரவே நெஞ்சிடி.

கொழும்பில் ஒரு கராஜுக்கு லொறியில் ஏற்றி அனுப்பினார். அங்கே முழுப் பற்றரிப் பேக்கும் மாற்ற வேண்டும் என்று சொன்ன விலைக்கு இன்னொரு கார் வாங்கலாம். திரும்ப லொறி. அதன் பிறகுதான் என்னிடம் வந்தார். நான் உடனே கை வைக்கவில்லை, படித்தேன், கண்டியில் இந்த வேலை செய்கிற ஒருவரிடம் போய் நின்று பார்த்தேன், பிறகுதான் திறந்தேன். பற்றரியின் கரண்டைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, நேரம் விட்டு, மீற்றர் வைத்து வோல்ட் இல்லை என்று உறுதிப்படுத்தி, உயர் வோல்ட் கையுறை போட்டுத்தான் தொட்டேன். இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ‘வீதியோரக் கடைக்காரன் ஆளைக் கொல்லப் பார்க்கிறான்’ என்று எழுத ஒருவர் கட்டாயம் வருவார். பேக்குக்குள் இருக்கும் சின்னப் பற்றரிக் கட்டுகளை, மொடியூல் மொடியூலாக அளந்தால், சில மட்டும் மற்றதை விடக் கீழே நின்றன. அப்பா சொன்ன அதே கதை. உடைந்த காரொன்றில் கழற்றிய நல்ல மொடியூல்களை எடுப்பித்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து மூடினேன். புதுக்கார் ஆகவில்லை, ஆகும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் வாத்தியார் இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறார்.

இப்போது விளங்குமே, மின்சாரக் கார் என்று வந்தால் நான் ஏன் பெயரைப் பார்க்காமல் பற்றரியைப் பார்க்கிறேன் என்று. பி.வை.டி 2008 இலேயே பிளக் குத்தி ஓடும் காரை விற்றது. அதே வருசம் வாரன் பஃபெட்டின் கம்பனி 23 கோடி டொலருக்குப் பத்து வீதமளவு பங்கு வாங்கியது (2022 முதல் விற்கவும் தொடங்கியது, அதையும் சொல்ல வேண்டும்). 2011 இல் மஸ்க் தொலைக்காட்சியில் பி.வை.டி பற்றிக் கேட்டதற்கே சிரித்தார். 2012 இல் சென்சென்னில் வேகமாக வந்த கார் ஒன்று மோதி, இவர்களின் மின்சார டாக்சி எரிந்து மூன்று பேர் செத்துப் போனார்கள், அதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். 2020 இல் பிளேட் பற்றரி வந்தது. லித்தியம் இரும்பு பொஸ்பேற், கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை. ஒரே நிறைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கரண்ட் பிடிக்கும், ஆனால் சூட்டுக்கு இலகுவில் தீப்பிடிக்காது, ஆயுளும் கூட. 2022 மார்ச்சில் வெறும் பெற்றோல் கார் செய்வதையே நிறுத்தினார்கள். 2023 கடைசிக் காலாண்டில் முழு மின்சாரக் கார் விற்பனையில் டெஸ்லாவையே தாண்டினார்கள். 2011 இல் சிரித்தவரின் கம்பனி என்பதால் எனக்குக் கொஞ்சம் சந்தோசம், மறைப்பானேன்.

சரி, உங்கள் விஷயம். வெயில்: வாத்தியாரின் காருக்கு வந்த பிரச்சினை இதற்கு அப்படியே வராது, பி.வை.டியின் ஆட்டோ 3 (Atto 3) போன்ற கார்களில் ஏசி வாயுவைக் கொண்டே பற்றரியைக் குளிர்விக்கிறார்கள். இருந்தாலும் மர நிழல் இருந்தால் நிழலில் விடுங்கள். வீட்டுக் கரண்ட்: 7 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும், எங்கள் வீடுகளில் பெரும்பாலும் 30 அம்பியர் சிங்கிள் பேஸ்தான். அளவைக் குறைத்து வைக்கலாமா அல்லது லைன் கூட்ட வேண்டுமா என்று காருக்குக் கையெழுத்து வைக்க முன்பே ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எர்த் சரியா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பற்றரி உத்தரவாதம் எத்தனை வருசம், எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், பழுதானால் மட்டக்களப்புக்கு ஆள் வருமா அல்லது நீங்கள் 300 கிலோமீற்றருக்கு மேல் கொழும்புக்கு லொறி பிடிக்க வேண்டுமா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் வேண்டாம்.

எழுத்தில் தந்தால் எடுங்கள், தராவிட்டால் அமெரிக்கக் காரோ சீனக் காரோ எடுக்காதீர்கள். லீசிங் வட்டி பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், நான் இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். இதை வாசித்துவிட்டுச் சித்தப்பா போன் எடுத்தால், கடையில் ஆள் இல்லை என்றுதான் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.